றோசமலர் வெட்டிய வரிகள்

1

“அதை வெட்டு.”

“எதை?”

“சிஞ்ஞோரா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ எண்டு எழுதியிருக்கிறாய். அவ அழேல்லை. சூப்பிலை உப்புக் காணாது எண்டு ஏசினவ.”

“வாசிக்கிற ஆக்களுக்கு மனசிலை நிக்கவேணும் றோசா.”

“நிக்கட்டும். அழாமல் நிக்கட்டும்.”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். றோசமலர் வெட்டச் சொன்ன வரிகளை எறிய மனம் வராமல் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தொண்ணூற்றாறாம் ஆண்டின் கடைசி மாதங்கள். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில், எங்கள் ஆட்கள் பலர் சேர்ந்திருந்த ஒரு வீட்டில் நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்தோம். அவள் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவள். இங்கே பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா வீதியில், படுக்கையில் கிடக்கும் ஒரு சிஞ்ஞோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. எனக்கு இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. மிச்ச நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். நான் போகாத ஊர்களின் பனியும் ரயிலும். “நீதானே கதை வாசிக்கிறனி” என்று தன் விண்ணப்பக் கட்டுரையை என்னிடம் திருத்தத் தந்திருந்தாள்.

விண்ணப்பம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு. தாதியாக ஒரு நாளும் வேலை செய்யாதவர்களையும், வேறு பாடத்தில் பட்டம் இருந்தால் எடுக்கிறார்களாம். முதல் வருடம் தாதிக்கான அடிப்படை, பிறகு முதுநிலைப் படிப்பு. முடித்தால் ‘நேர்ஸ் பிரக்ரிஷனர்’: நோயாளியைச் சோதித்து, நோய் இன்னதென்று சொல்லி, மருந்தும் எழுதித் தரக்கூடிய தாதி. அங்கே இருக்கும் அவளது ஒன்றுவிட்ட தம்பி பேனாட் அந்தப் படிப்பின் கைநூலை அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டில் அதை யாரும் நம்பவில்லை. “தாதி இல்லாத ஆளைத் தாதிமாருக்கு மேலாலை ஏத்துவினமோ?” என்று சிரித்தார்கள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘கடலைப் பார்த்த ஜன்னலருகே ஒரு பெண் நின்று’ (எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு உடுப்புக் கொடி.)

‘சிறு வயதிலிருந்தே நோயாளிகளைக் கண்டால் றோசமலரின் மனம்’ (சிறு வயதில் இரத்தத்தைக் கண்டால் அவளுக்குத் தலை சுற்றும். அவளே சொன்னது.)

எந்தத் தொடக்கமும் நிற்காததற்கு அவளுடைய விண்ணப்பக் கட்டுரையில் இருந்த ஒரு கேள்விதான் காரணம். ஏன் தாதி, ஏன் வைத்தியர் இல்லை? நான் தியாகம், சேவை, விளக்கொளி என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். அவள் பேனையை வாங்கி எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு இழுத்தாள்.

“அப்ப நீயே சொல்லு. ஏன்?”

சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“சிஞ்ஞோராவின்ரை குதிக்காலிலை படுக்கைப்புண். ஒருக்கா ஆறினது. பிறகு திறந்திட்டுது. நான்தான் தலகணியை மாத்தி வைச்சனான், அதாலையோ தெரியாது. டொக்டர் வியாழக்கிழமையிலை வாறார், பாக்கிறார், போறார். புண் வியாழக்கிழமை மட்டும் இருக்கிறேல்லை. அது ஏன் திறந்தது எண்டு எனக்குத் தெரியவேணும். மற்ற நாளும் பக்கத்திலை இருந்துகொண்டு தெரியவேணும்.”

நான் அதை அப்படியே எழுதினேன். அதை அவள் வெட்டவில்லை.

3

இனி, நான் நம்பாத ஒரு பாத்திரம்.

அந்த டொக்டர் சிஞ்ஞோராவின் மகன். விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் போகவேண்டும். விண்ணப்பிப்பவர் நோயாளியோடு பழகுவதைக் கண்ணால் பார்த்த மருத்துவத் துறையினர் ஒருவர் எழுதியது. அது இல்லாமல் போகும் விண்ணப்பத்தை அவர்கள் பிரித்துப் படிக்கவே மாட்டார்கள். றோசா நோயாளியோடு இருப்பதைப் பார்த்த ஒரே மருத்துவர் அவர்தான். ஆனால் அவர் நல்ல கடிதம் எழுதினால், அவருடைய தாயைப் பார்க்க ஆள் இல்லாமல் போகும். கெட்டது எழுதினால் அல்லது எழுதாமலே விட்டால், றோசா அங்கேயே இருப்பாள்.

இதை வைத்து நான் அவரைத் தடித்த மோதிரமும் மெல்லிய உதடும் உள்ள வில்லனாக எழுதினேன்.

“அந்தாள் மோதிரம் போடுறேல்லை,” என்றாள். “உதட்டை நான் பாக்கேல்லை.”

(என் சிக்கல் இது: நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை. அவர் நல்லவராக இருந்தால் கதையில் பதற்றம் குறைந்துவிடும் என்ற பயம் எனக்கு. அவர் நல்லவராக இருக்கவேண்டுமே என்ற பயம் அவளுக்கு.)

சனிக்கிழமைக்குள் எல்லாம் தபாலில் சேரவேண்டும். அதற்கு முந்திய வியாழக்கிழமை, புண்ணுக்குக் கட்டு மாற்றி முடிந்ததும் கேட்பது என்று முடிவெடுத்தாள். “புண் நல்லாயிருக்கிற நேரம் பாத்துத்தான் கேக்கவேணும்,” என்றாள். காலையில் தலையை இரண்டு தரம் இழுத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் கதை நகராது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டு வேலையை விட்டால் சும்மா விட்டுப் போவதில்லை. தங்களுக்குப் பதிலாக ஒரு ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் போவார்கள். வெறுங்கையோடு போனால் அந்த வீடு தமிழருக்கு இல்லாமல் போய்விடும். எங்கள் ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஸ்ரெல்லா அக்கா இதில் கைதேர்ந்தவ. லிபெர்த்தாவில் பாதி வீடுகள் அவ கைமாற்றியவை.

அன்று காலை றோசா போன கொஞ்ச நேரத்தில் ஸ்ரெல்லா அக்கா வந்து நின்றா. எங்கள் முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிற இராசாத்தி, வந்து மூன்று கிழமைதான், புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

“எங்கை அக்கா?”

“றோசான்ரை வீட்டை. டொக்டர் வாற நாளெல்லோ. ஆளைக் காட்டிப்போட்டு வாறம்.”

“ஐயோ அக்கா, அவள் இன்னும் அந்தாளிட்டைக் கேக்கவே இல்லை.”

“அதுதான் போறம். ஆளைக் கொண்டு போகாமல் கேட்டால் ஆர் ஓம் எண்டுவினம்? நீ புத்தகம் படிச்சு என்ன கண்டனி?”

“அவள் போறது அந்தாளுக்குத் தெரியாது.”

“தெரியட்டும். இராசாத்தி, தலையை மூடாதை, அங்கை போய்ச் சிரி.”

அவ சொன்னது பிழையா? இப்போது இதை எழுதும்போதும் எனக்குத் தெளிவில்லை. கையில் மாற்று ஆள் இருந்தால் மறுக்க அவருக்குக் காரணம் இராது. ஆனால் றோசா ஒரு வார்த்தையும் சொல்லாமல், முதுகுக்குப் பின்னால் எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டாள் என்றுதானே அவர் நினைப்பார்? நான் சப்பாத்தைத் தேடுவதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

5

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

முதலாவது: டொக்டர் அந்த இடத்திலேயே கடிதம் எழுதுகிறார். றோசா மாலை பஸ்ஸில் உறையை மடியில் வைத்து, ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்து (இதை நான் எங்கோ வாசித்திருக்கிறேன். என்னுடையது இல்லை.)

இரண்டாவது: “பார்ப்போம்” என்கிறார். சனி போகிறது. தலகணியை மாற்றும் கையோடு றோசா

இரண்டாவதை முடிக்க என்னால் முடியவில்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதவேண்டாம் என்று கேட்டவள் றோசா. “போனன் எண்டு எழுதினால் கெட்டிக்காரி எண்டுவினம். போகேல்லை எண்டால் பாவம் எண்டுவினம். ரெண்டும் எனக்கு வேண்டாம். நான் கேட்டனான் எண்டு மட்டும் எழுது.” ஆகவே அடுத்த பகுதியின் கடைசி வரிக்குப் பிறகு வரவேண்டியது உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அழவைக்கவேண்டாம்.

6

அன்று காலை அவர்களைப் பஸ் தரிப்புவரை துரத்தியும் பிடிக்க முடியாமல் தெரு மூலைத் தொலைபேசிக்கு ஓடினேன்; அங்கே என் முறை வர அரை மணித்தியாலம் ஆனது. றோசாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவள் முந்திக் கேட்டுவிடலாம். மணி அடித்தது. எடுத்தது ஆண் குரல்.

றோசாவோடு கதைக்கவேண்டும் என்று என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன்.

“இன்றைக்கு எல்லோருக்கும் றோசாதான் வேண்டும்,” என்றார். கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. ரிசீவரை எதன் மேலோ வைத்தார். வைத்த சத்தம் காதில் இடித்தது.

பிந்திவிட்டேன். டொக்டரை ‘தொத்தோரே’ என்று இத்தாலியனில் விளிக்கும் ஸ்ரெல்லா அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது: “நல்ல பிள்ளை தொத்தோரே. கத்தோலிக்கம். பாரம் தூக்குவாள்.” உள்ளறையிலிருந்து சிஞ்ஞோரா, “றோசா, இந்தக் கால் குளிருது, றோசா,” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா.

“நீ போகிறாயா?” என்றார் டொக்டர்.

உள்ளே கட்டுத்துணி கிழிபடும் சத்தம் கேட்டது.

“எனக்குச் சொல்லாமலா?”

“கட்டு இன்னும் முடியவில்லை தொத்தோரே. முடித்துவிட்டு வருகிறேன்.”

“இப்போதே சொல்.”

(இந்த இடத்தில் ரெலிபோன் கார்ட் முடிந்துவிட்டது என்று எழுதலாம். வசதியான பொய். கார்ட்டில் இன்னும் காசு இருந்தது. நான் மூச்சுவிடாமல் நின்றேன். என் பின்னால் ஒரு கிழவர் தன் முறைக்காகக் காத்து நின்றார்.)

பிறகு அவளுடைய குரல் வந்தது. வீட்டில் உப்புக் கேட்கும்போது வரும் அதே குரல். இத்தாலியனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை:

“தொத்தோரே, உங்கள் அம்மாவின் காலை நான் எப்படிப் பார்த்தேன் என்று, அது ஆறியதையும் திரும்பத் திறந்ததையும் சேர்த்து, நீங்கள் கண்டபடியே எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?”