காயாத கூடம்

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த வீட்டுக் கூடத்தின் மரத்தரைக்குப் பூசிய வார்னிஷ், அவள் கல்லூரிக்கு வெளியூர் போன பிறகும் காயவில்லை. இதற்கிடையில் வார்னிஷ் விலை இரண்டு மடங்காகிவிட்டது. அதைத் தயாரித்த கம்பெனி கைமாறியது. தெருமுனைப் பெயிண்ட் கடை மருந்துக் கடையாகி, மருந்துக் கடை நொடித்து மறுபடியும் பெயிண்ட் கடையானது. தரை மட்டும் பூசிய அன்று மாலை எப்படி இருந்ததோ அப்படியே, விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும் பதத்தில், மினுமினுவென்று கிடந்தது.

வீட்டை வாங்கியபோது கூடத்தில் ஒரு கிழிந்த ரெக்சின் விரிப்பு ஒட்டியிருந்தது. அதை உரித்தால் அடியில் நல்ல பலகைகள். பாலீஷ்காரர் வந்து இயந்திரத்தால் இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மரத்தை வெளுப்பாக்கினார். பிறகு ஜன்னலோரமாகக் கைக்குட்டை அகலத்தில் வரிசையாக மாதிரிகள் பூசிவைத்தார். தேன் நிறம், தேக்கு நிறம், மஹோகனிச் சிவப்பு, வால்நட் பழுப்பு, ஏறக்குறையக் கறுப்பு என்று போய், கடைசியில் நிறமே இல்லாமல் வெறும் மரத்தின் மேல் வார்னிஷ் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி பளபளப்பு, மறுபாதி பளபளப்பில்லாத மேட். காலை வெளிச்சத்திலும் பாருங்கள், விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவிக்கு முதல் பார்வையிலேயே அந்த வெறும் மரம் பிடித்துவிட்டது. கணவருக்குக் கறுப்பு. அவள் ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் உட்காருபவள். யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் பேசிப் பேசி அதுவே அவள் குரலாகியிருந்தது. அவர் விபத்தில் நசுங்கிய வண்டிகளுக்கு மதிப்புப் போடுபவர். முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான் என்பது அவர் தொழிலில் பாலபாடம். ஆகவே சாப்பிடும்போது இருவரும் அந்த மாதிரிகளைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, இதுவும் மோசமில்லை என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். பாலீஷ்காரர் வந்து கேட்டபோது அவள் தனியாக, “அவருக்குப் பிடிச்சதையே பூசுங்க” என்றாள். அவரும் தனியாக, “அவ சொல்றதுதான்” என்றார். இருவருக்குமே தாங்கள் பெரிதாக விட்டுக்கொடுத்துவிட்ட நிறைவு. மற்றவர் அதைத் தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று இருவருமே காத்திருந்தார்கள். பாலீஷ்காரருக்கு வேறு வேலை காத்திருந்தது. ஏற்கெனவே மூடி திறந்திருந்த டப்பா மஹோகனி. அதைப் பூசி, மரம் குடித்தது போக மீதியைத் துடைத்து, மேலே பளபளப்பு வார்னிஷை இழுத்துவிட்டு, காலையில் காய்ந்துவிடும் என்றார்.

கூடம் வீட்டின் நடுவில், சுவருக்குச் சுவர் கிடந்தது. தெருப்பக்கம் ஓர் அறையும் குளியலறையும். பின்பக்கம் சமையலறையும் இன்னோர் அறையும், அங்கிருந்து சந்துக்கு ஒரு கதவும். அன்று மனைவியும் மகளும் முன்பக்கம் இருந்தார்கள், கணவர் பின்பக்கம். காலையில் காயவில்லை. மின்விசிறி வைத்தார்கள், ஹீட்டர் வைத்தார்கள், மகளுடைய பவுடர் டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தரை பவுடரை விழுங்கிவிட்டது. குறுக்கே போட்ட பலகை ஒரே இரவில் தரைமட்டத்துக்கு அமிழ்ந்து, தானும் சிவந்து, தானும் ஈரமானது. பாலீஷ்காரர் வருடாவருடம் வந்து ஓரமாகக் குந்தி, கட்டைவிரலை வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். நல்லவேளையாக இதற்கென்று தனியாகக் கூலி கேட்டதில்லை.

சந்து வழியாகச் சுற்றிப் போகலாம்தான். போனார்கள். முதல் மழைக்காலம்வரை அவள் தினமும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமைத்து, மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் தெருவில் இறங்கி, செருப்பை மாட்டி, வளைவு திரும்பி, சந்தில் நடந்து, கதவைத் தட்டி உள்ளே வருபவரிடம் வீட்டுக்காரர்கள் பேசுவதுபோல யாரும் பேசுவதில்லை. ஒருநாள் கதவைத் திறந்த கணவர் அவளைப் பார்த்து, “வா, உக்காரு” என்றார். நாற்காலியை வேறு இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். திரும்பி வரும் வழியில்தான் அது உறைத்தது. பிறகு முன்பக்கம் ஓர் அடுப்பும் பின்பக்கம் ஒரு குளியலறையும் வந்தன. பேச்செல்லாம் ஈரத்தரைக்கு மேலாக நடந்தது. கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சா, பீஸ் கட்டியாச்சா, அந்தப் பக்கம் தண்ணீர் வருகிறதா. மகள் அப்பாவுக்குப் பந்தெறிந்து விளையாடினாள். தவறவிட்ட பந்துகள் சிவப்புக்குள் பாதி முங்கி, வருடக்கணக்கில் அங்கேயே இருந்தன. சாயங்காலங்களில் அவர் பக்க விளக்கு தரையில் விழுந்து அவள் கால்வரை நீண்டு வரும். அவள் காலை நகர்த்திக்கொள்ளமாட்டாள். அந்த அளவுக்குத்தான் அவர்கள் தம்பதியாக இருந்தார்கள்.

மகள் வெளியூர் போனதும் கணவருடைய அக்கா வந்து ஒரு யோசனை சொன்னாள். கூடத்தின் ஓரமாக ஒரு சுவர் எழுப்பிவிட்டால் இரண்டு வீடாகிவிடும், இருவருக்கும் நிம்மதி, எதிரும் புதிருமாக முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கணவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான் சம்மதம் வாங்குவது வழக்கம். அடுத்த வாரமே கொத்தனார் செங்கலோடு வந்துவிட்டார்.

மனைவி காலை ஷிப்ட் முடித்து வந்தபோது கூடத்துக்கு அந்தப் பக்கம் கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நூலின் மறுமுனை அவள் கணவர் கையில் இருந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைத் தேடி வந்தவரிடம், அவர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார் என்று எத்தனையோ முறை மென்மையாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் திகைத்து நிற்கும் நிலை அவளுக்குத் தெரியும். அந்த நிலையில்தான் இப்போது தானும் நிற்கிறோம் என்பது புரிந்ததும், செருப்போடு தரையில் இறங்கினாள்.

செருப்பு இரண்டாவது அடியிலேயே போய்விட்டது. வெறுங்காலைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். நடுக்கூடத்தில் தரை கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.

“உனக்கென்ன பைத்தியமா? சுத்தி வர வேண்டியதுதானே?” என்றாள் நாத்தனார்.

“சுத்தி வந்தா நான் விருந்தாளி, அண்ணி.”

பிறகு அவள் கணவரிடம், ஆஸ்பத்திரிக் குரல் இல்லாத ஒரு குரலில் கேட்டாள். “எனக்கு இந்தச் சிவப்பு பிடிக்கவே இல்ல. உங்களுக்கு?”

அவர் வழக்கம்போல, இன்னும் ஏதாவது சொல்கிறாளா என்று காத்திருந்தார். கொத்தனார் நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

“எனக்கும் பிடிக்கல,” என்றார் கடைசியில். “எனக்குக் கறுப்பு வேணும்னு இருந்துச்சு.”

“கறுப்பா? இருட்டுக் குகை மாதிரி இருக்கும். வெறும் மரமே போதாதா?”

“வெறும் மரத்துக்கு எதுக்குப் பாலீஷ்காரர்? விரிப்பை உரிச்சதோட விட்டிருக்கலாமே.”

“அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“நீ சொன்னியா?”

அவர் நூலை விட்டுவிட்டு இறங்கினார். கனமான மனிதர். அவளை எட்டுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாரே தவிர, இருவருக்கும் அதற்கு மேல் நகர முடியவில்லை. நின்ற இடத்திலேயே சண்டை போட்டார்கள். நிறத்தில் ஆரம்பித்து, பளபளப்புக்குப் போய், அந்த நாற்காலிக்கு வந்தார்கள். “நாற்காலி போட்டதும் ஒரு குத்தமா?” என்று அவர் கேட்டபோது அவள் அழுதாள். நாத்தனார் இரண்டு தட்டில் சாப்பாடு வைத்து நீளத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். தட்டு வழியிலேயே ஒட்டிக்கொண்டது. கொத்தனார் நூலைச் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அரைநாள் கூலி போதும் என்று கிளம்பினார்.

ஒருவழியாகக் காலைப் பிய்த்துக்கொண்ட அன்றிலிருந்து இருவரும் கூடத்தின் மேலேதான் நடமாடுகிறார்கள். என்ன நிறம் என்பது இன்னும் முடிவாகவில்லை. அவளுக்கு உள்ளங்கால் எப்போதும் எரிகிறது, அவருக்கு முட்டிவலி. விடுமுறைக்கு வந்த மகள் நாலு ஜோடி செருப்பை இழந்த பிறகு பழகிக்கொண்டாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஒரு காபி ஆறும் நேரமாகிறது. சண்டை முன்னைவிட அதிகம். ஆனால் கோபித்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போக அந்த வீட்டில் யாராலும் முடியாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் அடி எடுப்பார், காலைப் பிய்ப்பார், இன்னோர் அடி எடுப்பார். அறைக் கதவை எட்டுவதற்குள் அவள் மிச்சத்தையும் சொல்லி முடித்திருப்பாள். சில நாள் அவர் அங்கேயே நின்று, மெதுவாக, ஒவ்வொரு காலாகத் திரும்புகிறார்.