பழுக்காத விதை

பதினைந்து வருடமாக அடுத்தவர் கண்டுபிடித்த செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதியே என் முதுகு வளைந்துவிட்டது. இந்தச் செடி மட்டும் என்னுடையது. கல்குவாரிக்காகப் பாதி வெட்டிய மலைச்சரிவில் தனியாக நின்றது. சூரியகாந்திக் குடும்பம்தான், சாம்பல் இலை, சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூ. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செடிகளை உலர்த்திச் சேமிக்கும் எங்கள் உலர்தாவரக் கூடத்தின் தலைவருக்கு மட்டும் முகம் மலரவில்லை.

"விதை எங்கம்மா? இந்தக் குடும்பத்துல பூவை நம்பி எத்தனை பேர் மண்ணைக் கவ்வியிருக்காங்க தெரியுமா? பழுத்த விதையும் அதுமேல இருக்கற பஞ்சும் இல்லாம புது இனம்னு எழுதினா சிரிப்பாங்க."

மறுவாரம் போனேன். சரிவே இல்லை, லாரித் தடம்தான் இருந்தது. பறித்து வந்த ஒற்றைக் கிளைதான் மிச்சம்.

இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. பறித்துத் தாள்களுக்கிடையே அழுத்தினாலும் சீக்கிரம் சாகாது. இருட்டிலேயே விதையைப் பழுக்க வைத்துப் பஞ்சாக வெடிக்கும். அதனால் முதலில் ஸ்பிரிட்டில் முக்கிக் கொன்றுவிடுவோம். இதை மட்டும் நான் கொல்லவில்லை. பழுக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

செடிகளின் ஈரம் ஏறிய தாளைத் தினமும் மாற்றுவது என் தங்கையின் வேலை. அவளும் அதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். தன் மேசைக்கு வருவதெல்லாம் செத்த செடி என்றே அவள் நினைப்பு. இது உயிரோடிருக்கிறது என்று நான் வாயைத் திறக்கவில்லை. முறைப்படி கொல்லாதது தலைவர் காதுக்குப் போய்விடுமே என்ற பயம்.

எட்டாம் நாள் ஒரு விதையை ஊசியால் நெம்பி அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர், இளம்பச்சை. அதை அங்கேயே திருப்பி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் தங்கை தாளைப் பிரித்தாள். மொத்தப் பூவும் அவள் முகத்தில் வெடித்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. இருவரும் முழங்காலில் தவழ்ந்து மூலை முடுக்கெல்லாம் துழாவினோம். ஒரு விதைகூடக் கிடைக்கவில்லை. பழுக்கட்டும் என்று உயிரோடு விட்டதைக் கெடுத்துவிட்டாளே என்று, ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன்.

இரண்டு நாளில் அவளுக்கு இருமல் பிடித்தது. அதைக்கூடத் தூசி என்று விடலாம். ஆனால் வீட்டில் அவள் நாற்காலி நகர ஆரம்பித்தது. காலையில் கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு. "எதுக்குடி அங்க போற?" என்று கேட்டால், "நான் எங்கயும் போகலியேக்கா" என்பாள். பொழுது சாய்ந்ததும் பேச்சின் நடுவிலேயே கண் செருகிவிடும்.

நேற்று அவள் இருமிய கைக்குட்டையை எனக்குக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளை இழை. இழையின் அடியில் ஒரு விதை.

லென்ஸுக்கு ஓடினேன். இழையில் இரண்டு வரிசைப் பற்கள். இந்தக் குடும்பத்தில் நான் எங்கேயும் பார்க்காத அமைப்பு. விதையை அளந்தேன்: இரண்டரை மில்லிமீட்டர். வளர்ந்திருந்தது, ஆனால் இன்னும் பச்சை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்று காலை அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

"டாக்டர் ஊர்ல இல்லையாம்டி. அடுத்த வாரம்தான் வருவாராம்" என்றேன்.

தங்கை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "நான் போன் பண்ணினேன்க்கா. இருக்காராம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். பக்கத்திலேயே செருப்பு இருந்தது, வெளியே ஆட்டோ நின்றது, கிளம்ப ஒரு நிமிடம் போதும்.

அவள் இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அது பழுக்க இன்னும் எத்தனை நாள் வேணும்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"ஆறு" என்றேன்.