முன்வரிசைக் குடை

ஈஸ்டர் விருந்தில் புறா வடிவக் கேக்கை வெட்டி முடித்ததும் என் நாத்தனார் லொரேதானா தொண்டையைச் செருமினாள். ஆகஸ்ட் ஓய்வுக்குத் திட்டம் போடும் நேரம் வந்துவிட்டது. போருக்குக் கிளம்புகிறவர்கள்கூட இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

"அலாஸ்ஸியோவுல அதே வாடகை வீடு. கடற்கரையில முன்வரிசையில வருஷாவருஷம் வாடகைக்கு எடுக்குற அதே நிழல்குடை. எங்கப்பா காலத்துலருந்து நம்ம குடை அது. ஒரு வருஷம் விட்டோம்னா பின்வரிசை ஜெனோவாக்காரன் புடிச்சுக்குவான்."

குடும்பமே தலையாட்டியது. அந்தக் குடை போய்விட்டால் பரம்பரைச் சொத்தே போய்விடும் என்று இவர்களுக்கு நினைப்பு.

"எல்லாரும் நல்லா ரெஸ்ட் எடுக்கணும். மத்தியானத்துக்குக் கத்திரிக்காயும் சீஸும் அடுக்கி வேகவெச்சுக் கரைக்கே கொண்டுவந்துரலாம். சாப்ட்டு மூணு மணி நேரம் யாரும் தண்ணியில இறங்கக் கூடாது, செரிக்காது. ராத்திரிக்கு மீன்."

"யாரு சமைக்கிறது?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன். நான் அப்போது அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இதென்ன கேள்வி ஒர்னெல்லா! உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு பாராட்டை வைத்தே என்னிடம் வேலை வாங்குகிறார்கள். கோடைதோறும் நான் கடலைப் பார்ப்பது அடுப்புக்கு மேலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான். எனக்குத் திடீரென்று அழுகையே வந்துவிட்டது.

"இந்த வருஷம் நான் வரல. எனக்கு ரெஸ்ட் வேணும்."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. என் கணவர் ஃபுல்வியோ பதறி எழுந்து வந்தார்.

"கழுத்துல குளிர்காத்து பட்டுருச்சா?"

மிலானில் எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். புத்தி பேதலித்தாலும் ஒரு சால்வையைக் கொண்டுவந்து சுற்றிவிடுவார்கள்.

ஆனாலும் நான் அசையவில்லை. ஆகஸ்டில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். மிலானே காலி. ரொட்டிக் கடைக்குப் பூட்டு, முடிதிருத்துபவருக்கும் பூட்டு. எஞ்சியிருந்த ஓரிருவரும் கடலுக்குப் போன பாவனையில் ஜன்னல்களை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே புழுங்கினார்கள். எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தேன். முலாம்பழத்தை நறுக்கிக்கொண்டு, குளியல்தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி, விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டேன். அடுப்பைத் தொடவே இல்லை. வெட்கமில்லாத சந்தோஷம்.

அப்போதுதான் போன் அடித்தது. லொரேதானா. குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏங்க்கா இப்படிப் பேசுறீங்க?" என்றேன்.

"பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுறேன். வந்ததுலருந்து அடுப்படியிலயே நிக்கிறேன்டி. முடிச்சுட்டு உக்காந்தா உன் புருஷன் உப்பு கம்மிங்கிறான்."

"கடல் எப்படி இருக்கு?"

"அதை யாரு பார்த்தா?"

பாவமாக இருந்தது. பெற்ற தாயிடம் பேசுவதுபோல் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒர்னெல்லா, யாருகிட்டயும் சொல்லாம நானும் அங்க வந்துரவா? எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்."

என் மனம் இளகிவிட்டது. "வாங்கக்கா, சாயங்கால ரயில்லயே வாங்க," என்றேன்.

"வரேன்டி, தங்கமே. ஆமா, ராத்திரிக்கு எனக்கு என்ன சமைச்சு வைப்பே?"

போனை அணைத்துவிட்டுக் கால்களை மறுபடி தண்ணீரில் விட்டேன்.