அப்பாவின் மாநிலம்

கெரிட் ஹூக்ஸ்ட்ரா ஒஹையோவுக்குக் குடிவந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வீடு அங்கே, வேலை அங்கே, மனைவி போலெட் அந்த மண்ணிலேயே பிறந்தவள். ஆனால் எந்த ஊர் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வலது உள்ளங்கையை விரித்துவிடுவார். அவர் பிறந்த மிச்சிகன், ஒஹையோவுக்கு வடக்கே, விரித்த கை போன்ற வடிவத்தில் இருக்கிறது; மிச்சிகன்காரர்களுக்கு அவரவர் கைதான் மாநிலத்தின் வரைபடம். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரத்தைத் தொட்டு, "இங்க" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், இத்தனை வருடமும் ஒஹையோவில் ஏதோ பேருந்துக்குக் காத்து நிற்கிறவர் போலத்தான் இருக்கும்.

நவம்பரில் இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் மோதும் வாரத்தில் வாசலில் மிச்சிகன் கொடியைக் கட்டுவார். பக்கத்து வீட்டு ரஸ், "என்ன வடக்கத்தியாரே, இன்னும் ஊர் போய்ச் சேரலையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பான். இவரும் விடமாட்டார். அதெல்லாம் விளையாட்டு. வினை வந்தது மகள் கிரெட்டா பள்ளியின் கடைசி வருடத்துக்கு வந்தபோதுதான்.

அவளுக்குப் பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் படிப்பில் ஆசை. அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து மூன்று பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வர்ஜீனியா, வட கரோலினா, மிச்சிகன். மூன்றும் அந்தந்த மாநில அரசின் பெரிய பல்கலைக்கழகங்கள். உட்கார்ந்தது இரண்டு பேர் என்றாலும் பேசியது ஒருவர்தான்.

அக்டோபரில், மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆஸ்ட்ரண்டர் மேடம் அப்பாவையும் மகளையும் பள்ளிக்குக் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் ஹூக்ஸ்ட்ரா, மூணுமே வெளி மாநிலம். அரசாங்கக் காலேஜ்ல முதல் பந்தி அவங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு. மிச்சமிருக்குற எடத்துக்கு நாடே அடிச்சுக்குது. எங்கயும் கிடைக்கலன்னா இது நிச்சயம்னு சொல்ற சேஃப்டி இதுல எது?"

"மிச்சிகன்தான் மேடம். அது எங்க ஊரு."

"உங்க ஊரு. அவ ஊரு இல்லையே."

"ரத்தத்துல இருக்குமே."

"அவங்க ரத்தம் கேக்க மாட்டாங்க, வீட்டு விலாசம்தான் கேப்பாங்க." அவள் சிரிக்கவில்லை. "ஹார்டன்வில் இங்கேர்ந்து ஒரு மணி நேரம். நம்ம மாநிலக் காலேஜ். இவ கேக்குற படிப்பு நல்லாவே இருக்கு. அதுக்கும் போட்டு வைங்க. சேஃப்டின்னா நம்மள எடுத்துக்கிட்டா மட்டும் போதாது, அங்க போய் சந்தோஷமா படிக்கவும் முடியணும்."

திரும்பும் வழியில் காரில் கெரிட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஹார்டன்வில்லாம்! அங்க நாய்க்குட்டி போய் நின்னாக்கூடச் சேத்துக்குவான்." கிரெட்டா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்; ஹார்டன்வில்லுக்கு விண்ணப்பம் போகவில்லை. அவர் மிச்சிகனுக்கு விண்ணப்பித்த காலத்தில் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக எழுதிப் போட்டும் இடம் கிடைத்தது. அன்றைக்கு இருந்த உலகம் அப்படியே நிற்கிறது என்று நினைக்கும் மனிதரிடம் யார் என்ன சொல்ல முடியும்?

ஜனவரி கடைசியில் மிச்சிகனிலிருந்து பதில் வந்தது. உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மார்ச் வரை பொறுத்திருக்கவும்.

கெரிட்டுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பல்கலைக்கழக அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது ஓர் இளம்பெண்.

"நான் அங்க படிச்சவன்மா. அந்த மாநிலத்துலயே பிறந்து வளந்தவன்."

"ரொம்ப சந்தோஷம் சார். இப்ப எங்க இருக்கீங்க?"

"ஒஹையோ."

"அப்ப உங்க பொண்ணு வெளி மாநிலம் சார்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. போனை வைத்தபோது அவருடைய வலது கை மேசைமேல் விரிந்து கிடந்தது. எதையோ காட்டப் போன கை, பார்க்க ஆள் இல்லாமல் அப்படியே இருந்தது.

பிப்ரவரி தொடங்கியதும் வர்ஜீனியா இல்லை என்றது. இரண்டு நாள் கழித்து வட கரோலினாவும் இல்லை என்றது. கிரெட்டா காலைச் சாப்பாட்டில் சோள அவலுக்குப் பால் ஊற்றிக்கொண்டே, "ரெண்டும் இல்லையாம்" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா ஆச்சு" என்றாள் போலெட்.

"நீயாவது அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ ஏணி மேல நின்னு கொடி கட்டிட்டு இருந்த."

பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் விண்ணப்ப வாசலைச் சாத்திவிட்டன. கடைக்குப் போனால் தெரிந்தவர்கள், "பொண்ணு எங்க போறா?" என்று கேட்டார்கள். கெரிட் தக்காளியைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டார். ஆகஸ்டில் அவள் தோழிகள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தன் மகள் மட்டும் மாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். உட்கார வைத்தது தன் வாய். சாப்பாட்டு மேசையில் கிரெட்டாவின் போன் அதிர்ந்தால் மூன்று பேருடைய கரண்டியும் நின்றுவிடும்.

ஆஸ்ட்ரண்டர் மேடமே போன் செய்தாள். குத்திக் காட்டவில்லை. "ஹார்டன்வில்ல வர்ற சனிக்கிழமை நேர்ல கூப்பிடுறாங்க. மார்க்கக் கொண்டு போனா பேசிப் பார்த்துட்டு, மதியத்துக்குள்ள முடிவு சொல்லிடுவாங்க. கூட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை சாலையோரமெல்லாம் அழுக்குப் பனி. போலெட்டுக்கு மருத்துவமனையில் வேலை, வர முடியவில்லை. கெரிட் வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார்.

"நிமிந்து உக்காரு. இங்கதான் படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசைன்னு சொல்லு."

"அப்பா, ரோட்டப் பாரு."

"மிச்சிகன் பேர எடுக்காத."

"நான் எப்பவும் எடுத்ததில்லப்பா."

கல்லூரிக் கூடம் நிறையப் பெற்றோர்கள். காப்பியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "எந்த ஊருங்க?" என்றாள். வழக்கப்படி அவருடைய வலது கை எழும்பியது. அதைப் பிடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "கொலம்பஸ் பக்கம்" என்றார்.

"அப்ப நம்ம பக்கம்தான்" என்று அவள் பின்னலுக்குத் திரும்பிவிட்டாள்.

உள்ளே போன பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பருவத்து மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். அவளுடைய தகப்பன் மேலங்கியை எடுத்துக் கொடுத்தான். நாய்க்குட்டியைக்கூடச் சேர்ப்பான் என்று வாய்க்கொழுப்பெடுத்துப் பேசிய இடத்தில், என் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெரிட் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட அவர் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

கதவு திறந்தது. கிரெட்டா வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "நான் கேட்ட படிப்புலயே."

எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்லணும், போன எடு" என்றார். "இனி பயமில்ல. மார்ச் வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். மிச்சிகன் என்ன சொல்லுதோ சொல்லட்டும்."

கிரெட்டா போனை எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மார்ச்சுல அவங்க வான்னு சொல்லிட்டா, நான் போயே ஆகணுமா?"

"உனக்குப் போக ஆசையில்லையா?"

"எனக்கு அங்க யாரத் தெரியும்? உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

கூடத்தில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள். கெரிட் தன் காலணியில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் பரவுவதைப் பார்த்தபடி இருந்தார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

"வேண்டாம்மா" என்றார். "போக வேண்டாம்."

அவள் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். இத்தனை மாதமும் அந்தப் பெண் பயந்துகொண்டிருந்தது, மிச்சிகன் தன்னை எடுத்துக்கொண்டுவிடுமோ என்றுதான். அது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.