பி-4 விற்பனைக்கு

கூடுவாஞ்சேரி ஃபிளாட்டை விற்கக் கிளம்பி எட்டு மாதத்தில் உலகநாதனுக்கு வாய்த்த உருப்படியான கிராக்கி ரோகிணி ஒருத்திதான். வீடு பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தவள், "கார்ல என் நாய் இருக்கு சார், மேல கூட்டிட்டு வந்து அதுக்கும் வீட்டைக் காட்டிடறேன்" என்றாள்.

கூட வந்திருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் பார்த்திபன் குறுக்கே வந்தார். "இங்க நாய் வளக்கக் கூடாதும்மா. ரூல் கீது."

ரோகிணி பையை மூடினாள். "அப்ப வீடு வேணாம் சார்."

உலகநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. "எந்த அறிவுகெட்டவன்யா போட்டான் அந்த ரூல?"

பார்த்திபன் சங்கத்தின் தீர்மான நோட்டை எடுத்து வந்து விரித்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய கூட்டம். எதிர்வீட்டு நாய் உலகநாதனின் ஸ்கூட்டர் சீட்டைக் குதறிப்போட்ட வாரம். முன்மொழிந்தவர்: உலகநாதன், பி-4. கீழே, கல்பாக்கம் ஆபீசில் முப்பது வருடம் போட்ட அதே கையெழுத்து.

அதற்கும் கீழே உலகநாதன் தன் கைப்படச் சேர்த்திருந்த வரியில் பார்த்திபன் விரலை வைத்தார்.

'இத்தீர்மானத்தை யார் கேட்டாலும், நானே வந்து கேட்டாலும், தளர்த்தக் கூடாது.'