அப்பா வாசித்த கிட்டார்

...இல்லை என்று சொல்லியிருக்கலாமே, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி, நான் சலவைக்கடையில இஸ்திரி போடறவன் என்று அப்பா ஒரே வரியில் முடித்திருக்கலாம், அவள் குட்டு அங்கேயே உடைந்திருக்கும், போன மானம் போகட்டும் என்று வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்... இப்போது பேருந்தில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவள், நடுவே உறைக்குள் அந்த எலெக்ட்ரிக் கிட்டார். போன வருஷம் கடையில் வாங்கிய புத்தம் புதுசு, ஆனால் ஐம்பது வருஷப் பழசு போலச் செய்தது, வெளிறிய மஞ்சள், ஓரங்களில் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று உரசிவிட்ட தேய்மானம். இந்த விலைக்கு இப்படி ஒரு ராக் சத்தம் வேறெதிலும் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. பொய் அவளுடையது. அவள் சேர்ந்த ராக் குழுவின் முதல் ஒத்திகையில், பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், டாக்டர் வீட்டுப் பிள்ளை, தன் அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினான், பிறகு இவள் கிட்டாரைத் தடவிப் பார்த்து, பழசா என்று கேட்டான். அப்பாவோடது என்றது வாய். யார் கேட்டார்கள் அவளை? கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவள், சம்பளத்தில் வாங்கினேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் ஒரு பொய்க்கு ஒன்பது பொய், அப்பா இளவயதில் ஒரு ராக் குழுவில் இருந்தார், தோள்வரை முடி வைத்திருந்தார்... தலைமுடியைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி.

அதனால்தான் அவரை எந்தக் கச்சேரிக்கும் கூப்பிட்டதில்லை, சத்தம் அவர் காதுக்கு ஆகாது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்று மதியம் கல்லூரி அரங்கில் நாலாவது வரிசையில் அவர், மடிப்புக் கலையாத சட்டையில், சுவரொட்டியில் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் பாஸ்காரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான், அங்கிள், நீங்க வாசிச்ச கிட்டார்தான் இன்னைக்கு அரங்கையே தூக்கிடுச்சு என்றான். அப்பா கிட்டாரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார், இரண்டு நொடி இருக்குமா, அந்த இரண்டு நொடியில் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

"அதெல்லாம் ஒரு காலம் தம்பி. இப்ப விரல் ஓடாது."

பாஸ்காரன் அந்த விரல்களைத் திருப்பிப் பார்த்து, பாருங்க, கம்பி பட்ட காய்ப்பு இன்னும் போகல என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். முப்பது வருஷம் இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் வெந்து தடித்த விரல்கள். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை, எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை நீட்டியபடியே நின்றார், அவளால்தான் பார்க்க முடியவில்லை.

திட்டினால் தேவலை. ஏம்மா, நான் செய்யற வேலை உனக்கு அவ்வளவு கேவலமா என்று ஒரு வார்த்தை... கேட்டால் இல்லை என்பாளா, இல்லை என்றால் அது பதினோராவது பொய்யா? நாலு நிறுத்தம் தாண்டிவிட்டது, அப்பா என்று தொடங்கினாள். அவர் உறையைப் பார்த்தபடி தணிந்த குரலில் கேட்டார்.

"இதுல எத்தனை கம்பிம்மா?"

ஆறு என்றாள்.

"ஆறா. நாளைக்கு யாராவது கேட்டா தெரிஞ்சிருக்கணும்ல."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆறு என்று உதடு ஒருமுறை அசைந்ததோ என்னவோ. அவளுக்கு முகம் எரிந்தது. அவருக்கு ஒரு குழு, ஒரு மேடை, தோள்வரை முடி எல்லாம் ஜோடித்துக் கொடுத்திருக்கிறாள், ஆனால் அந்த வயதில் நிஜமாகவே அவர் எங்கே இருந்தார், யாரோடு சுற்றினார், எதன்மேல் ஆசைப்பட்டார்... யோசித்துப் பார்த்தாள், ஒன்றுகூடத் தெரியவில்லை, ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது எந்த முகத்தோடு கேட்பது?