கிண்டர்கார்டனுக்கு ஆறு கிலோமீட்டர்

நாற்பத்தொரு மணிநேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அலோசியஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

மூன்று வயதுப் பேத்தி ஆரபி ரோல்ஸைப் பிய்த்து உள்ளேயிருந்த கிழங்கைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை வரேல்லை?" என்று கேட்டாள் அவர் மனைவி பற்றிமா.

"அந்த ஊருக்கு."

மிதுசா கையில் பென்சிலுடன் அப்பாவைப் பார்த்தாள். குடிபோக ஓர் ஊரைப் பதினொரு மாதமாகத் தேடியவள் அவள். ஒருநாளும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

மிதுசாவுக்கு இருபத்தொன்பது வயது. ஜேர்மனியின் எசன் நகரில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. தெரியாதவரோடு தொலைபேசியில் பேசுவதென்றால், பேசவேண்டியதை முதலில் தாளில் எழுதிவைத்துக்கொள்வாள். ஊர் தேடுவதையும் ஆய்வுகூட வேலை மாதிரியே செய்தாள். கணினியில் ஓர் அட்டவணை, அதில் பதினான்கு ஊர்கள். வாடகை எவ்வளவு, எசனுக்கு ரயிலில் எத்தனை நிமிடம், வைத்தியர் இருக்கிறாரா, கிண்டர்கார்டனில் இடம் உண்டா. கடைசி நிரலுக்கு 'வீட்டார் சொன்னது' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவளும் கணவன் நிதுசனும் ஆரபியும் இருப்பது மூன்றாம் மாடியில், இரண்டு அறையில். பிள்ளையின் கட்டில் சமையலறைக் கதவை மறிக்கும். இரவில் தண்ணீர் குடிக்கப் போவதென்றால் கட்டிலைத் தாண்ட வேண்டும். எசனில் பெரிய வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகாது. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் நின்றது லெண்டவெல்ட். செங்கல் வீடு, பின்னால் சோளக்காடு. கீழ்த்தளத்தில் அம்மா, அப்பாவுக்குத் தனிவாசலோடு இரண்டு அறை. எசனுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். வீட்டைக் கேட்டு ஒன்பது குடும்பங்கள் வந்திருந்தன. ஆரபி கோழிக்கூட்டின் முன் நின்று ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னதைப் பார்த்து, வயதான அந்தத் தம்பதி இவர்களைத் தெரிந்தெடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. லெண்டவெல்ட் கிண்டர்கார்டனில் இடம் முடிந்துவிட்டது, பக்கத்துக் கிராமத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஆறு கிலோமீட்டர் தூரம். எட்டு மணிக்கு முன் பஸ் இல்லை. நிதுசன் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி, முதல் ரயிலுக்கே போய்விடுவான். மிதுசாவின் ரயில் ஆறு நாற்பத்தேழுக்கு. அவளிடம் கார் லைசென்ஸும் இல்லை. ஒருமுறை பரீட்சையில் தோற்றாள், வெட்கத்தில் மறுபடி போகவில்லை.

"அதுக்கென்ன, மாமாவின்ர கார் இருக்குத்தானே," என்றான் நிதுசன். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். அவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எசன் தமிழருக்கு அலோசியஸ் அண்ணை என்றால் கார். ஊரிலிருந்து வருகிறவர்களை விமான நிலையத்தில் ஏற்றுகிறவர் அவர்தான். கல்யாணமோ, செத்தவீடோ, மாதா திருவிழாவோ, அவருடைய காரில் இடம் போட்டுவைத்த பிறகுதான் மற்ற ஏற்பாடுகள் தொடங்கும்.

ஆகவே இன்று பூசை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், மிதுசா தாளில் நேரங்களை எழுதிக் காட்டினாள். ஏழு பத்துக்கு அப்பா ஆரபியைக் காரில் ஏற்றுவார். ஏழு இருபத்தைந்துக்கு இறக்குவார். அவர் தாளை வாங்கி மடியில் வைத்தார். பார்க்கவில்லை. கோப்பையைத்தான் கீழே வைத்தார்.

"என்னப்பா கதைக்கிறியள்?" பற்றிமாவின் குரல் ஏறியது. "போன ஞாயிறு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். சோளக்காட்டுக்கை போய் இருக்கப்போறம் எண்டு. இனி எந்த முகத்தோடை போறது?"

"அங்கை தமிழ்க்கடை இல்லை."

"சனிக்கிழமையிலை எசனுக்கு வந்து வாங்குவம், அப்பா," என்றாள் மிதுசா.

"தமிழ்ப் பூசை இல்லை."

"அது மாதத்திலை ஒருக்காத்தானே. ரயில் இருக்கு."

"குளிர் கூட."

"எசனிலை என்ன, வேர்க்குதோ?" என்றாள் பற்றிமா. "மாட்டுச் சாணி மணக்குமெண்டு பயமோ? ஊரிலை அதுக்குள்ளை உழக்கித் திரிஞ்ச ஆள்!"

நிதுசனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அலோசியஸ் சிரிக்கவில்லை.

"கதைக்க ஒரு மனுசர் இல்லை. நான் அங்கை ஆரோடை இருக்கிறது?"

"எங்களோடை, மாமா," என்றான் நிதுசன்.

அவர் எழுந்து குளிர்ச்சட்டையை மாட்டினார். படியில் இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி போனார். பற்றிமா கைப்பையைத் தூக்கிக்கொண்டு, "உந்த மனுசனுக்கு விசர்," என்று பின்னாலேயே போனாள்.

கதவு சாத்திய பிறகும் மிதுசா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அப்பா அவளுக்கு எதையும் மறுத்தவர் அல்ல. பன்னிரண்டு வயதில் அவள் கேட்ட நுண்ணோக்கியை வாங்க, இரண்டு மாதம் இரவு வேலைக்குப் போனவர்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் அவள் ஒரே குப்பியின் மேல் இரண்டு தடவை பெயர் எழுதினாள். ஒரே தண்ணீரை நான்கு முறை சோதித்து நான்கு எண் வந்தால் யாரும் தண்ணீரைக் குற்றம் சொல்வதில்லை. பிழை வேறெங்கோ இருக்கிறது. கடை, பூசை, குளிர், மனுசர். நான்கும் காரணம் இல்லை.

மதிய இடைவேளையில் அட்டவணையைத் திறந்தாள். கடைசி நிரலில் அப்பா சொன்னவற்றை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தாள். பதினான்கு ஊரில் மூன்றுக்கு 'ஓம், நல்லாயிருக்கு'. லெண்டவெல்டுக்கும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை வரை. மற்றப் பத்துக்கும் 'தூரம்', 'காடு', 'சரிவராது'. அவர் சம்மதித்த ஊர்களில் எல்லாம் கிண்டர்கார்டனுக்கு நடந்து போகலாம். மறுத்தவற்றில் எல்லாம் கார் வேண்டும்.

நிதுசனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பாவுக்குக் கார் ஓட ஏலாது போலை இருக்கு. முதுகு. வீடு பாக்கப் போகேக்கையும் உம்மட்டைத்தானே கார்த் திறப்பைத் தந்தவர்?"

"ஓம், 'நீங்கள் ஓடுங்கோ தம்பி, முதுகு பிடிச்சிருக்கு' எண்டவர். ஆனா இண்டைக்கும் அவர்தானே ஆரபியை ஏத்துறார்? ஆறு கிலோமீட்டருக்கு என்ன முதுகு, மிது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"வைத்தியரிட்டைப் போயிருந்தா உமக்குத் தெரியாமலோ?"

அதுதான். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற டொச் மொழிக் கடிதங்களை வாசிப்பவள் அவள். வாடகைக் கடிதம், வரிக் கடிதம், வைத்தியரைப் பார்க்க நாள் குறித்த டெர்மின், ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் அன்ட்ராக். அம்மா உறையைக் கூடப் பிரிக்காமல் எடுத்துவந்து கொடுப்பாள். அப்பாவின் இரத்த அழுத்தம் எவ்வளவு, கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று கேட்டால் மிதுசா தூக்கத்திலும் சொல்வாள். அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்க முடியாது என்று அவள் நம்பியிருந்தாள்.

அன்று ஒரு மணிநேரம் முந்தி வேலையிலிருந்து கிளம்பினாள். அப்பாவோடு தனியாகப் பேச வேண்டும். திங்களும் புதனும் அவர்தான் ஆரபியைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டிவருவார். நாலரைக்கு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும், ஒரு நிமிடம் பிந்தாது.

டிராமை விட்டு இறங்கி, தெருவைக் கடக்கும் வெள்ளைக் கோட்டருகே வந்தபோது அப்பாவின் சாம்பல் நிறக் கார் வளைவில் திரும்புவதைக் கண்டாள். கையை உயர்த்தினாள். ஒரு காலைக் கோட்டில் வைத்தாள்.

கார் மெதுவாகவில்லை.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். பக்கக் கண்ணாடி அவள் சட்டையை உரசிக்கொண்டு போனது. அந்த ஒரு கணத்தில் அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபமோ பதற்றமோ அந்த முகத்தில் இல்லை. வெறும் தெருவைப் பார்க்கிற முகம். பின்சீற்றில் ஆரபி கண்ணாடியில் கையை வைத்து, வாயைத் திறந்து, அம்மா என்று கத்துவது தெரிந்தது.

பின்னால் வந்த சைக்கிள்காரர் நின்று, உங்களுக்கு ஒன்றுமில்லையே என்று டொச்சில் கேட்டார். மிதுசா தலையை ஆட்டினாள். பிறகு ஓடினாள்.

கார் வழக்கமான இடத்தில், இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவில் அளவெடுத்த மாதிரி நின்றது. அவள் முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மப்பா நிக்கேல்லை," என்றாள் ஆரபி பின்னாலிருந்து. "நான் சொன்னனான், அம்மா நிக்கிறா எண்டு."

"அப்பா, என்னைக் கண்டனீங்களே?"

"எங்கை?"

"இப்ப. கோட்டிலை."

"அது நீயே? வெய்யில் கண்ணுக்கை அடிச்சது, பிள்ளை."

அன்று காலையிலிருந்து வெயிலே இல்லை. மேகம் கூரைவரை இறங்கி நின்றது.

மிதுசா வாழ்க்கையில் ஒருநாளும் அப்பாவைக் கேள்வி கேட்டதில்லை. வார்த்தைகளைத் தாளில் எழுதிவைக்கவும் இப்போது நேரமில்லை.

"முன்னாலை நிக்கிற வானின்ர நம்பரைச் சொல்லுங்கோ."

"என்ன, பொலிசிலை சேர்ந்திட்டியே?" அவர் சிரித்தார். "எசன் நம்பர்தான்."

"அது பக்கத்து ஊர், பொட்ரொப் நம்பர், அப்பா."

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை.

"வைத்தியரிட்டையிருந்து ஒரு கடிதமும் வரேல்லையே," என்றாள் அவள். "எல்லாக் கடிதமும் நான்தானே வாசிக்கிறனான்."

"அது தபாலிலை வரேல்லை. கையிலை தந்தவை. நான் வீட்டை கொண்டுவரேல்லை."

"எப்ப?"

"பெப்ரவரி."

இது ஒக்டோபர். திங்களும் புதனும். கிழமைக்கு இரண்டு நாள், போகவும் வரவும். மிதுசாவின் மூளை தன்பாட்டுக்குப் பெருக்கத் தொடங்கியது. நூற்றைத் தாண்டியதும் அவள் அதை நிறுத்தினாள்.

"தனியவோ போனீங்கள்? ஆர் மொழிபெயர்த்தது?"

"வைத்தியர் சொன்னதை விளங்க மொழி தேவைப்படேல்லை. என்ர கார்த் திறப்பைக் காட்டினார், வேண்டாமெண்டு இப்பிடிக் கையை ஆட்டினார்."

"பிறகும் ஓடினீங்களே அப்பா? ஆரபியை வைச்சுக்கொண்டு?"

"இந்த ரோட்டெல்லாம் எனக்குப் பாடம், பிள்ளை. எந்த இடத்திலை சிக்னல், எந்த இடத்திலை வளைவு, எல்லாம் தெரியும். கண்ணின்ர ஓரத்தாலை தெரியும். முன்னாலை போற கார் நிண்டா நானும் நிப்பன்."

"முன்னாலை கார் இல்லாட்டி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில், காகிதம் இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போக அவருக்கு அனுமதி இருக்கவில்லை. விசா கிடைத்து, லைசென்ஸும் எடுத்த கிழமையே, ஒரு வேலையும் இல்லாமல் ஹம்பேர்க் வரை கார் ஓடிப்போய், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மிதுசாவும் சிரித்திருக்கிறாள்.

"அந்த ஊரிலை எனக்கு ஒரு ரோட்டும் தெரியாது," என்றார் அலோசியஸ். "ஆறு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் சோளம். அங்கை நான் அவளை வைச்சு ஓடமாட்டன். அதுதான் வரேல்லை எண்டனான்."

வாசற்கதவு திறந்தது. ஆரபிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பற்றிமா மேலிருந்து இறங்கி வந்தாள்.

"என்ன, தகப்பனும் மகளும் காருக்குள்ளை மகாநாடோ? ரொட்டி ஆறுது." பின்கதவைத் திறந்து ஆரபியின் பட்டியைக் கழற்றித் தூக்கினாள். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் பிள்ளை அழுகிறாய்? வீடு கைவிட்டுப் போட்டுதோ?"

நாளைக் காலை பத்து மணிக்கு இன்னும் பதினேழு மணிநேரம் இருந்தது. மிதுசா கையை நீட்டிக் காரின் திறப்பை உருவி எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

"அப்பா, அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

"நீ சொல்லு."

"இல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்."

"என்னத்தைச் சொல்லுறது? இஞ்சாருங்கோ, என்ன நடந்தது?" பற்றிமா பேத்தியோடு குனிந்து காருக்குள் பார்த்தாள். "வீட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியளோ?"

அலோசியஸ் மனைவியின் குரல் வந்த பக்கம் திரும்பினார். அவள் இடுப்பிலிருந்து ஆரபி அவரை எட்டிப் பார்த்தாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சரித்தார், பிறகு மறுபக்கம் சரித்தார், பிறகு நிறுத்திவிட்டார்.

"என்ர கண் போட்டுது, பற்றிமா. நடுவிலை ஒண்டும் தெரியேல்லை. பெப்ரவரியிலையிருந்து நான் இந்தப் பிள்ளையின்ர முகத்தைக் காணேல்லை."